செருப்போடு உள்ளே வாருங்கள்

கைபேசியில் ரஜனியின் பெயர் தெரிந்ததும், "ஓம் ரஜனி, படம் வந்திட்டுது, பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றுதான் பேசத் தொடங்கினேன். மறுமுனையில் அவருடைய கணவர். ரஜனிக்கு நான்கு நாள் காய்ச்சலாம். அன்று விடியப்புறம் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

மடத்துவெளியில் பிறந்த ரஜனி, செயற்கைக் கால் பொருத்தும் எங்கள் நிலையத்தில் இயன்மருத்துவர். நான் கணினிக்காரன். கால் நிலத்தை எவ்வளவு விசையோடு மிதிக்கிறது என்று அளக்கும் தட்டு எங்களிடம் இல்லை. அதனால் ஆளை நடக்கவிட்டுப் படம் பிடித்து, உடம்பின் நிறையையும் அது அசையும் விதத்தையும் வைத்து அந்த விசையைக் கணினியில் மதிப்பிடுவோம். ரஜனியோடு பழகியவர்களுக்குத் தெரியும், என் வரைபடங்களைக் கண்டு அவர் ஒருநாளும் வாய்பிளந்ததில்லை. "கோடு வடிவாத்தான் இருக்கு சேர். ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்பார்.

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் சேவியர் அண்ணைக்குச் நீரிழிவால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. அவரை நடக்கவைத்து மதிப்பிட்டேன்; புதுக்காலில் விசை சரியான இடத்தில்தான் விழுந்தது. பெருமையோடு அனுப்பிவைத்தேன். இரண்டாம் வாரம் விழுந்தார், பிறகும் விழுந்தார். காலைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, மாடுகளை விற்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டோம். "பயத்தில ஊன்றாமல் நடக்கிறார் போல" என்றேன். ரஜனி என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

மறுநாளே படகேறிப் போனார். பின்னேரம் வந்து கைபேசியை என் முன் வைத்தார். சேவியர் அண்ணையை அந்தக் காலை மாட்டவைத்து, கல்லுப் பாதையில் நடக்கவிட்டுப் பிடித்த படம். காலில் குதி தடித்த செருப்பு. எங்கள் அறைக்கு வந்தபோது, எல்லோரையும் போல அவரும் அதை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். வெறுங்காலுக்கு அளவாகப் பொருத்திய கால், செருப்புப் போட்டதும் குதி உயர்ந்து ஆளை முன்னால் தள்ளியிருக்கிறது.

"நீங்கள் கணக்கில பிழை விடேல்ல சேர். வாசலில விட்டிட்டியள்" என்றார். என் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். "நானும் அந்த வாசலிலதானே நிண்டனான்" என்றும் சொன்னார்.

செருப்போடு மறுபடி படம் பிடித்துக் காலைத் திருத்தினோம். மாடுகள் விற்கப்படவில்லை.

மடத்துவெளியில் செத்தவீட்டு வாசல் நிறையச் செருப்புகள். சேவியர் அண்ணை படியருகே தயங்கி நின்றார். கழற்றினால் கால் சரிவராது. கழற்றாமல் உள்ளே போக மனம் வரவில்லை. குனிந்து செருப்பு வாரில் கை வைத்தார். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"கழட்டாதேங்கோ அண்ணை. அவ பாத்தா என்னைத்தான் ஏசுவா."

அவர் செருப்போடு நடந்துபோய் ரஜனியின் தலைமாட்டில் நின்று அழுதார். நானும் அழுதேன்.

ரஜனி, உம்மிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது அறை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "செருப்போட வாங்கோ" என்கிறேன். உள்ளே ஒரே மண். நான்தான் கூட்டுகிறேன்.