காலித் தட்டில் வைத்த வாத்துகள்

வாத்துக்கு மூக்கு இல்லை. அதை வைத்துத்தான் மாட்டிக்கொண்டோம். மூக்கு மட்டும் இருந்திருந்தால் அது எந்த வீட்டுப் பலகாரமோ என்று சாதித்திருக்கலாம். மூக்கில்லாத வாத்து மிட்டாய் விருத்தாசலத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு.

அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுப் பகுதியில் வேலை பார்த்தார். காய்ந்த பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மண் ஒட்டாமல் பொம்மையாகக் கழன்று வரும். கழித்துக் கட்டிய அச்சுகளைக் கம்பெனி வேலியோரம் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து அப்பா ஒருநாள் உள்ளங்கை அளவு வாத்து அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மூக்கு விழவேண்டிய பள்ளம் வார்க்கும்போதே அடைத்துக்கொண்டதால், ஒருநாள்கூட மண் படாமல் கழிக்கப்பட்ட அச்சு அது.

அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பெப்பர்மிண்டு சாக்லேட்டுதான். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் விடுதிச் சமையலறையில் வேலை செய்தபோது ஒரு வெள்ளைக்கார சிஸ்டரிடம் கற்றுக்கொண்டதாம். கோயிலில் கொடுக்கும் பால் பவுடர், மங்கலம்பேட்டை பாய் கடையிலிருந்து வாங்கிவந்த கோகோ டப்பா, சர்க்கரை, கொஞ்சம் டால்டா. பெட்டிக்கடை வெள்ளைப் பெப்பர்மிண்டை அம்மியில் நுணுக்கிப் போடுவாள். சுருளக் கிண்டி இறக்கி, ஆறியதும் பிசைந்து, அந்த வாத்து அச்சில் அழுத்தி எடுப்பாள். களிமண் மாதிரியே சமர்த்தாகக் கழன்று வரும்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. "வாத்துக்கு மூக்கு அடச்சிக்கிட்டு இருக்குது. அதான் அம்மா பெப்பர்மிண்டு போடுறாங்க" என்று ஒருநாள் சொன்னான். அப்பா இதைக் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த புரட்டாசி மழையில் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தே நாள். ஆறாம் நாள் அவனைப் பெட்டியில் வைத்து அப்பா ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்பது வயது. அழுதேன். ஆனால் ஒன்பது வயது அழுகைக்கு நடுவில் பசிக்கும், விளையாடக் கூப்பிட்டால் கால் போகும். அம்மா மட்டும் அழவே இல்லை. பாத்திரம் துலக்கினாள், தண்ணீர் இறைத்தாள், சோறு போட்டாள். தம்பியின் சட்டை ஒன்றை மடித்து எங்கேயோ வைத்தாள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்காகக் கம்மாபுரத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, எங்களோடே தங்கிவிட்டாள். துக்க வீட்டை ஒழுங்காக நடத்த ஆள் வேண்டுமாம். வருகிறவர்களிடமெல்லாம், "பெத்தவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லியே, கல்லாட்டம் இருக்குறாளே" என்பாள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். ஒரே ஒரு தரம்தான் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அன்று அத்தை என்னைக் காட்டி, "இவளுக்குப் பின்னாடி பொறந்தது ரெண்டும் தங்கலியே, இவ ராசி அப்புடி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று பிறந்த மறுநாளே போயிருந்தது.

"என்னைய என்னா வேணா சொல்லுங்க அண்ணி. புள்ளைய சொல்லாதீங்க."

ராசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ நல்லதைத்தான் சொல்கிறாள், அம்மா ஏன் கோபப்படுகிறாள் என்று நினைத்தேன்.

என் கவலை வேறு. எங்கள் லைன் வீடுகளில் பலகாரத் தட்டு வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். துக்க வீடு மட்டும் ஒரு வருஷத்துக்குப் பலகாரச் சட்டி ஏற்றக்கூடாது. வந்த தட்டைக் காலியாகத் திருப்ப வேண்டும். தீபாவளிக்கு வந்த அதிரசத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் என் வகுப்புக்காரி தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, "ஒன்னுமே இல்லியாடி?" என்று கேட்டாள். மானம் போயிற்று. தம்பி செத்ததைக்கூட அழுது தீர்த்துவிட்டேன். இது தீரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பாவும் அம்மாவும் அத்தையும் தம்பியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் புறப்பட்டார்கள். எனக்கு ஜுரம் என்று சொன்னேன். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அம்மா, "வுடுங்க, படுத்துக் கெடக்கட்டும்" என்றாள்.

அவர்கள் தலை மறைந்ததும் எழுந்தேன். போன வருஷத்துக் கோகோ பரணில் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது, இடித்தேன். பால் பவுடர் இருந்தது. பெப்பர்மிண்டு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை; பெட்டிக்கடையில் வாங்கிவந்த பொட்டலம் முழுவதையும் நுணுக்கிப் போட்டேன். கரண்டி பிடித்த கை சுட்டது. அச்சைக் காணோம். தேடித் தேடி, டிரங்குப் பெட்டியின் அடியில் தம்பியின் சட்டைக்குள் சுற்றியிருந்ததைக் கண்டுபிடித்தேன். துணி ஏதும் கையில் அகப்படவில்லை. அந்தச் சட்டையாலேயே அச்சைத் துடைத்துத் துடைத்து வாத்து பிடித்தேன். பிறகு சட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தேன். அடேயப்பா, எத்தனை வாத்து! அம்மா செய்வதற்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது. எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் மூன்று வீட்டுத் தட்டுகள் வந்தன. அச்சுமுறுக்கும் கேக்கும். அத்தை அவற்றைக் கொட்டிவிட்டு, "கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, நின்னு பேசக் கூடாது" என்றாள். பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் ஒவ்வொரு தட்டிலும் ஐந்து வாத்து வைத்து, மேலே காகிதம் மூடிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். என் வகுப்புக்காரி கவிழ்த்துப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிர்வீட்டு அக்கா தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்னாங்க இது? புள்ள போயி மூணு மாசந்தான் ஆவுது. துக்க வூட்டுப் பலகாரத்த எம்புள்ளைங்களுக்கு எப்புடிக் குடுக்கறது?"

அத்தை முந்தானையை விலக்கினாள். மூக்கில்லாத வாத்துகள் ஐந்தும் அவளைப் பார்த்தன. அவள் என்னைப் பார்த்தாள்.

"யாருடி பண்ணுனது?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. யார் பண்ணியது என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறதே! நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள்.

"நான்தான் செஞ்சேன் அண்ணி."

"நீயா?"

"ஆமா. திங்கணும்போல இருந்துச்சி. செஞ்சேன்."

அத்தை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! புள்ளைக்கி மண்ணு தள்ளுன கை இன்னும் காயல. அதுக்குள்ள நாக்கு கேக்குதா ஒனக்கு?"

அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் விரல்களைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கோகோ. அம்மா அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். அவர் வெளியே போய்விட்டார்.

அத்தை அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் கம்மாபுரம் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. 'பிள்ளை செத்த மூணாம் மாசம் சாக்லேட்டு கிண்டித் தின்றவள்' என்ற பேர் அம்மாவுக்கு நிலைத்துவிட்டது. என் கல்யாணப் பந்தியில்கூட யாரோ அதைச் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா காதிலும் விழுந்திருக்கும். சாகும்வரை ஒரு வார்த்தை அவள் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் அன்று எனக்கு வந்தது வெறும் ஆத்திரம். இடித்தது யார்? கிண்டியது யார்? கையைச் சுட்டுக்கொண்டது யார்? ஊரே பார்க்கும்போது நோகாமல் வந்து, நான்தான் செய்தேன் என்று பேர் தட்டிக்கொண்டு போகிறாளே!

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் சட்டை, முழுக்கக் கோகோ கறை. ஒரு வாத்தை எடுத்து வாயில் போட்டாள். மெல்ல மென்றாள்.

"பெப்பர்மிண்டு தூக்கலா போட்டுட்டடி" என்றாள்.

அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. கன்னம், கழுத்து, மடியிலிருந்த சட்டை எல்லாம் நனைந்தது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கச் சட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பெப்பர்மிண்டு காரம் கண்ணுக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து அவள் பக்கத்தில் நங்கென்று வைத்தேன்.

"நல்லா வேணும் ஒனக்கு. நான் செஞ்சத நீ செஞ்சேன்னு சொன்ன இல்ல?"

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.