அண்ணிக்கு உள்ளே நடந்த சண்டை

போன வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். அண்ணியும் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஒரு மாசம் கழித்து அண்ணியைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அண்ணன் ஏரியில் வலை போடப் போயிருந்தான். நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். அங்கே கொடுத்த டெஸ்ட் சீட்டை வாங்கிப் பார்த்து, எட்டாவது வரை படித்த கெத்தில், “பரீட்சையில பெயிலு அண்ணி” என்றேன். அண்ணி அழுதுவிட்டாள்.

நர்சம்மா என்னை முறைத்துவிட்டுச் சொன்னார். கர்ப்பப்பை வாயில் ஒரு வைரஸ் இருக்கிறது, அதனால் அங்கே செல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவிட்டால் பின்னால் ஆகலாம். பெரும்பாலும் உடம்பே வைரஸை விரட்டிவிடும். விரட்டியதா இல்லையா என்று வெளியே தெரியாது, வலிக்காது. ஒரு வருஷம் கழித்து வந்து பார்த்தே ஆகவேண்டும்.

அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் தும்மினாலும், காய்ச்சலில் படுத்தாலும், உள்ளே சண்டை நடக்கிறது என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். அதுவே தப்பாகிப்போனது. நாலு மாசம் தும்மல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் உடம்பு சும்மா இருந்ததும் சண்டை முடிந்துவிட்டது என்றே நம்பிவிட்டாள்.

வருஷம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் திரும்ப வரச் சொல்லிக் குறித்த நாளில் எங்கள் வீட்டுப் பாடு. ஏரியில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்திருக்கிறோம், அதுதான் பாடு. அன்றைக்கு விழும் இறாலை அண்ணிதான் பழவேற்காடு மார்க்கெட்டில் விற்பாள்.

“பாட்ட வுட்டுட்டு எங்கடா போறது? எனக்குத்தான் ஒண்ணியும் இல்லியே.”

“உள்ள இருந்தாலும் வலிக்காதுன்னு அந்த நர்சம்மா சொல்லிச்சே அண்ணி. மார்க்கெட்ல நான் குந்திக்கிறேன். நீ போ.”

மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் வரிசையில் இறால் கூடையோடு உட்கார்ந்தேன். புதுப்பெண் வந்திருக்கிறது, பூ வாங்கி வையுங்கடி என்று ஓட்டினார்கள். அண்ணி எங்கே என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பொய் சொல்லி, எதை யாரிடம் சொன்னேன் என்று மறந்து மாட்டிக்கொண்டேன்.

மூன்று மணி பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினாள். கூடையைப் பார்க்கவேயில்லை.

“போவலையாம்டா. முன்ன வுட ஜாஸ்தியா கீதாம். அடுத்த வாரம் அந்த எடத்த மட்டும் எடுத்துடுவாங்களாம். எடுத்துட்டா பயமில்லன்னு சொன்னாங்க.” வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்பால ஒரு மாசம் தள்ளிப் படுக்கணுமாம். உங்கண்ணங்கிட்ட நீ சொல்றியாடா?”

“நான் சொன்னா கலாய்க்கிறேன்னு அடிப்பான் அண்ணி. நீயே சொல்லு. நான் கூட வரேன்.”

அண்ணன் கரையில் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை தூக்காமலே இறால் வித்துப்போச்சா என்று கேட்டான்.

“அது கெடக்கட்டும்,” என்று அண்ணி அவன் எதிரில் மணலில் உட்கார்ந்தாள்.