கெட்டிச் சாயம்

தென்காசியில் கணக்கு வாத்தியார் மைதீனுக்குக் குரங்குப் பைத்தியம் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். ஞாயிறானால் மனுஷன் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். நாயைக் கண்டதும் ஒரு குரங்கு கத்துகிறது, கூட்டம் மரமேறித் தப்புகிறது, கத்தினது மாட்டிக்கொள்கிறது. அப்படியானால் கத்துகிற குணம் என்றைக்கோ அற்றுப் போயிருக்க வேண்டாமா?

அதற்கு ஒரு சமன்பாடு போட்டிருந்தார். தப்புவது கூடப் பிறந்ததுகள் என்றால் அதுகளுக்குள்ளும் அதே ரத்தம்; ஒன்று செத்தாலும் குணம் சாகாது. எம்.ஏ.வைப் பாதியில் விட்டுத் தறியில் உட்கார்ந்து, தம்பி ஆதமைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தவர் அவர். தம்பி திரும்பியே பார்க்கவில்லை. அந்தக் கணக்காவது பொய்க்கக் கூடாது என்று தவித்தார்.

நிரூபிக்க வேண்டுமானால் உடன்பிறப்பு எதுவென்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். 1961 சீசனில் ஒரு தாயின் மூன்று குட்டிகளுக்குக் கடலை போட்டு, வீட்டுத் தறிநூலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைப் பீச்சாங்குழலால் அடித்தார்.

அடுத்த வாரம் மூன்றும் மூன்று பாறையில் தனித்தனியே சாரலில் நனைந்துகொண்டிருந்தன. ஒன்றைக் கண்டு ஒன்று மிரண்டது. பெற்ற தாயே பல்லைக் காட்டி விரட்டியது.

பழக்கடைக் குத்தாலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிட்டீய சாரே! திருட்டுக் குரங்கு ஒண்ணைப் பிடிச்சுச் சாயம் அடிச்சு விட்டா மத்ததெல்லாம் மிரண்டு ஓடிரும்லா. அப்படித்தான நாங்க கடையக் காப்பாத்துதோம்!"

அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்தது, படித்தவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, எதைப் போட்டால் சாயம் போகும் என்று மனைவி சைதூன் பீவியிடம் கேட்டார்.

"நம்ம வீட்டுச் சாயமா? துணி கிழிஞ்சாலும் போவாதுன்னு சொல்லித்தான விக்குதோம்" என்றாள்.

மறு வாரம் அவர் கண்ணெதிரிலேயே நாய்கள் வந்தன. சிவப்புகளில் மூத்தது முதலில் கண்டு தொண்டை கிழியக் கத்தியது. கேட்டுத் தப்ப, பக்கத்தில் ஒரு குரங்கும் இல்லை. மைதீன் கல்லெடுத்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். குரங்குக்காக மட்டும் அழவில்லை.

"கணக்கு தப்பாயிட்டா?" என்று கேட்டாள் சைதூன்.

"கணக்கு சரிதான் புள்ள. கூடப் பிறந்தது கிட்ட இருந்தாத்தான் அது கணக்கு. இல்லன்னா, கத்தினது வீணாச் செத்ததுதான்."

சைதூன் எழுந்தாள். கொழும்பிலிருந்து ஆதம் எப்போதோ அனுப்பிய போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்தாள்.