சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி

ஆம்பூரில் இரண்டு வருஷம் ஒரு ஜிம்மில் வேலை பார்த்தேன். காலையும் சாயந்தரமும் ஆண்களுக்கு. பதினொன்றிலிருந்து நாலு வரை பெண்களுக்கு. அந்த ஐந்து மணி நேரத்துக்கு நான்தான் டிரெய்னர், நான்தான் பெருக்குகிறவள், பாட்டு போடுகிறவளும் நான்தான். மாடியில் இருந்தது ஜிம். கீழே ஷூவுக்கான சோலும் பசையும் விற்கிற கடை. அந்தப் பசை வாசனை படியேறி மேலே வரும். புதுசாகச் சேருகிறவர்கள் முதல் நாள் மூக்கைச் சுளிப்பார்கள், ரெண்டாம் நாள் மறந்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, மூன்று வருஷத்தில் முடிந்துபோயிருந்தது. ஆலங்காயத்தில் அண்ணன் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் நான் சமையலறைக்குள் நுழைந்தால் அண்ணி பேச்சை நிறுத்துவார். வேலூருக்குப் போய் மூன்று மாத டிரெய்னர் கோர்ஸ் படித்தேன். ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சு "இன்னும் அஞ்சு", "மூச்ச விடுங்க", "முதுகு நேரா" இவ்வளவுதான் என்பது ரொம்ப நாள் எனக்கே உறைக்கவில்லை.

பாட்டு என்ன செய்யும் என்று கோர்ஸில் யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு ஓடும்போது முப்பது முறை உட்கார்ந்து எழுந்து சிரித்துக்கொண்டே நிற்கிற அதே அக்கா, கரண்ட் போன அன்று பன்னிரண்டிலேயே "முடியல மேடம்" என்று சுவரைப் பிடித்துக்கொள்வார். ஆரம்பத்திலேயே வேகமான குத்துப்பாட்டைப் போட்டால் எல்லோரும் அவசரப்பட்டு பாதியில் மூச்சு வாங்குவார்கள். நடுவில் ஒரு தெரிந்த பழைய பாட்டு வந்தால் முகம் எல்லாம் மாறும், கை தானாக உயரப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் உட்கார்ந்து, யாருக்கு எந்தப் பாட்டு என்று போனில் லிஸ்ட் போடுவேன். எனக்கென்று ஒரு லிஸ்ட் போட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை.

ஒன்றே முக்காலுக்கு ஒரே ஒருத்தர்தான் வருவார். மற்றவர்கள் சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிற நேரம் அது. இவருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வீட்டுக்காரர் தோல் வியாபாரம். பெரிய குடும்பம், மூன்று மருமகள்கள். புர்காவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவார், ஷூ போட்டுக்கொள்வார், நேராக ஜன்னல் ஓர ட்ரெட்மில்லில் ஏறுவார். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். சுகர். எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். இவர் மட்டும் 'ம்மா'. நான் எல்லோரையும் போல அவரையும் அக்கா என்றேன்.

ஏறினவுடனே சொல்வது ஒன்றுதான். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி வைம்மா."

வைப்பேன். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டுவார். இன்னும் வைப்பேன். ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து மசூதியில் பாங்கு சொன்னால் மட்டும் நிறுத்துவேன். மற்றபடி நாற்பது நிமிஷம் அந்த ஹாலில் பாட்டும் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். கூடவே பாடுகிறார் என்று நினைத்தேன். சில இடங்களில் தலையை ஆட்டுவார், ஒரு கையைத் தூக்குவார், சில சமயம் சிரிப்பார். என் பாட்டை ஒருத்தர் இவ்வளவு ரசிக்கிறாரே என்று பெருமையாக இருந்தது. அவர் நடைக்குத் தோதான தாளமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இருந்தாலும், காலையில் எழுந்ததும் அவர் வருகிற நேரத்தைத்தான் நான் நினைப்பேன்.

ஒரு நாள் பாட்டின் நடுவில் ஆம்ப்ளிஃபையர் புகைந்து, படக்கென்று நின்றுவிட்டது. ட்ரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திடீர் அமைதியில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"...காய்ச்சல் விட்டுச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லு. கஞ்சி குடுத்தியா? நீ சாப்ட்டியா பேட்டி?"

தன் குரல் தனக்கே கேட்டதும் நிறுத்தினார். பேட்டி என்றால் அவர்கள் பேச்சில் மகள். போனில் பேசுகிறாரா என்று பார்த்தேன். போன் அவர் பைக்குள், பை கொக்கியில். அவர் சிவப்பு பட்டனை அழுத்தி இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்ல வேல கெடக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, புர்கா பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஷூவைக்கூட மாற்றவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "பாக்கலாம்மா, அடுத்த வாரம்" என்றார். மற்ற பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒருத்தர் தன் போனில் பாட்டு வைத்து, சத்தம் வர வேண்டும் என்று எவர்சில்வர் குண்டானுக்குள் போட்டு நடு ஹாலில் வைத்தார். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. சிரித்தபடி செய்தோம். ஆனாலும் எல்லோருக்கும் உடம்பு கனத்தது. முழங்கை, இடுப்பு, கழுத்து என்று அதுவரை வலிக்காத இடமெல்லாம் வலித்தது.

ஒன்றே முக்காலுக்கு யாரும் வரவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு மருமகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"ஸ்பீக்கர் இன்னும் சரியாவலக்கா. ஆனா நீங்க வாங்க."

"அப்புறமா வர்றேம்மா."

"நான் அந்த நேரத்துல வெளிய படியிலதான் ஒக்காந்திருப்பேன். ஹால் காலியா இருக்கும். நீங்க பாட்டுக்கு நடங்க."

பின்னால் யாரோ மருமகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் "சரி" என்றார்.

வந்தார். மெஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். காலடிச் சத்தம் தட் தட்டென்று கேட்டது. பேச்சு காதில் விழக்கூடாது என்று இயர்போனை மாட்டி என் போனில் பாட்டு வைத்தேன். கீழே சோல் கடைக்காரர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருக்குப் பேச ஆள் இருந்தது. எதிரில் இல்லாவிட்டாலும் இருந்தது. அது எனக்குப் பொறாமையாக இருந்ததென்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்தார்.

"நடக்க முடியலம்மா. முட்டி வலிக்குது."

"இத்தன நாள் வலிக்கலையாக்கா?"

"தெரியலையே." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டுல தெரியல போல."

உள்ளே பாயில் உட்கார வைத்து முட்டியில் ஐஸ் வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். தானாக ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனவள். நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பேரனுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும் என்று யாரோ உறவுக்காரி சொன்னதோடு சரி.

"எங்க வூட்ல பதினாலு பேரும்மா. பாத்ரூம்ல பேசினாக்கூட யாராவது கேப்பாங்க. இங்க அந்தப் பாட்டுச் சத்தத்துல எனக்கே கேக்காது. அதான் தைரியமா பேசுவேன். திட்டுவேன், கொஞ்சுவேன். நேரம் போறதே தெரியாது."

"நீங்க பாட்ட ரசிக்கிறீங்கன்னு நெனச்சேன்க்கா."

"எந்தப் பாட்டு போடுவ?" என்று நிஜமாகவே கேட்டார். ஒரு பாட்டுகூட அவருக்கு நினைவில்லை.

முட்டியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "உனக்கு யாரு இருக்காங்க?"

"அண்ணன் இருக்காரு. ஆலங்காயத்துல."

"பேசுவியா?"

"ம்" என்றேன். அண்ணனோடு பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பதினோராம் நாள் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேராகி வந்தது. அவரும் பழையபடி வந்தார். கேட்கும் முன்பே சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவர் உதட்டைப் பார்க்கக்கூடாது என்று. முட்டி வலியைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. நாற்பது நிமிஷம் ஐம்பதாயிற்று. சுகர் குறைந்திருக்கிறது என்று ஒரு நாள் ரிப்போர்ட்டைக் காட்டினார். இறங்கும்போது முகம் கழுவி விட்டது மாதிரி இருக்கும். எனக்கு அந்த ஐம்பது நிமிஷம் முன்பைவிட நீளமாக இருந்தது. முன்பு அவரோடு சேர்ந்து பாட்டு கேட்பதாக நினைத்திருந்தேன். இப்போது கேட்பது நான் மட்டும்தான் என்று தெரிந்துவிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்தவர் புர்காவைக் கழற்றவில்லை. கதவோரமே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பேசிட்டாம்மா. அவளே போன் பண்ணா. அவங்க அப்பா எடுத்தாரு. வைக்கல. எங்கிட்ட குடுத்தாரு."

"நெஜமாவாக்கா?"

"தெனமும் இந்த நேரத்துக்குத்தான் அவளுக்கு வேல இருக்காது. மொட்ட மாடில நடந்துக்கிட்டே பேசுறேன். ஒரு மணி நேரம் போவுது." ஷூவை எடுக்கத்தான் வந்திருந்தார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார். "வூட்டுக்கு வா ஒரு நாளு. பிரியாணி சாப்ட்டுப் போ."

"வர்றேன்க்கா" என்றேன். படியிறங்கும்போது அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். பாட்டு நின்ற அன்று கேட்ட அதே குரலை மாடியிலிருந்தே கேட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி ஹாலைப் பார்த்தபோது, சாயந்தரம் வரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஒன்றே முக்காலுக்குக் கதவைச் சாத்திவிட்டு நானே அந்த ட்ரெட்மில்லில் ஏறினேன். அத்தனை பேருக்கு வேகம் வைத்துக் கொடுத்தவள், எனக்கு எந்த வேகம் சரி என்று தெரியாமல் இரண்டு மூன்று தரம் மாற்றினேன். சத்தத்தை முழுக்க வைத்தேன். யாரோடாவது பேசிப் பார்க்கலாம் என்றுதான் ஏறினேன். அம்மா இறந்து பத்து வருஷம். விட்டுப் போனவனிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அண்ணனை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "எப்படிண்ணா இருக்க" என்பதற்கு மேல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் பாட்டு கேட்டது. மாதக்கணக்காக நானே போட்ட பாட்டு. அதன் நடுவில் ஒரு புல்லாங்குழல் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அது வருகிற இடத்தில் கால் இலேசானது. முப்பத்தைந்து நிமிஷம் நடந்திருக்கிறேன். இறங்கினபோது அழுதிருந்தேன். வியர்வையோடு சேர்ந்து போனதால் எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நல்ல பசி. கேரியரைத் திறந்து மொத்தச் சோற்றையும் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போல அந்த நேரத்தில் தினமும் நடந்தேன். பிறகு வேறொருத்தர் அந்த நேரத்துக்குச் சேர்ந்தார். மாதனூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர், பிள்ளை பெற்று லீவில் இருந்தவர். காதில் சொந்தமாக இயர்போன் மாட்டிக்கொண்டு வருவார். முதல் நாளே ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம், உங்க பாட்டக் கொஞ்சம் கம்மி பண்றீங்களா?" என்று கேட்டார்.

கம்மி பண்ணினேன். அப்புறம், அவருக்குத்தான் சொந்தப் பாட்டு இருக்கிறதே என்று முழுக்க நிறுத்திவிட்டு, டம்பெல்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.