கரண்ட் பில்லில் சேர்ந்த தவணை

முதல் நாள்

"பயம் இருந்தாதான்மா காசு வரும்."

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் திட்டத்தை இப்படித்தான் விளக்க ஆரம்பித்தார். "பேங்க் லோனுக்குப் பயப்பட மாட்டான். ஃபைனான்ஸ்காரனைக் கண்டா தெரு மாறிப் போயிடுவான். கரண்ட்டை கட் பண்ணுவோம்னு சொல்லு, மறுநாள் காலையில க்யூவுல நிப்பான். அதான் தவணையை கரண்ட் பில்லுலயே சேர்த்துட்டோம்."

அது 2010களின் தொடக்கம், மின்வெட்டு வாட்டிய காலம். என் கணவர் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஊழியர். நாங்கள் இருந்தது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அங்கே கரண்ட் போவது அபூர்வம். டவுன்ஷிப்பைத் தாண்டி வெளியே போனால் நிலைமை வேறு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வாசலிலிருந்தே தெரியும் ஊர்களில் பாதிப் பகல் ஃபேன் ஓடாது. அந்த ஊர்களுக்காக வந்த சோதனைத் திட்டம் அது. மாடியில் இரண்டு சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். முன்பணம் கிடையாது. மற்ற வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில், இந்த வீடுகளுக்கு மட்டும் மாதாமாதம் வரும். தவணையும் அதே பில்லில் ஏறியிருக்கும். பேனல் போடும் தனியார் கம்பெனியின் வடலூர் ஆபீசில் நான் கான்ட்ராக்ட் ஃபீல்டு ஆபீசர். வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதும், பிறகு அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

வெயிலில் கரண்ட் வரும் என்றால் எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள். பில்லைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறிவிடும். அப்படி முகம் மாறியவர்களில் ஒருத்தி தனபாக்கியம். அவள் கணவன் வேல்முருகன் மைன்ஸில் கான்ட்ராக்ட் லேபர். கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்டாள்: "சோலார் தகடு காசு கட்டலைன்னா, இருக்கற கரண்ட்டையும் புடுங்கிடுவீங்களா மேடம்?"

"ஆமாம்மா, நோட்டீஸ் குடுத்துட்டு கட் பண்ணுவாங்க" என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள். "நான் வேலைக்குப் போய்கினுதான இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் கையெழுத்துப் போட்டான்.

கவுண்டர்

மறு வருஷம் அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்தது. புது கான்ட்ராக்டர் அவனை எடுக்கவில்லை. அதே சமயத்தில் அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். சின்ன மோட்டார் ஒன்று ஓயாமல் அதற்குக் காற்றடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தனபாக்கியம் மின்சார ஆபீஸ் கவுண்டரில் நின்றபோது நானும் அங்கே இருந்தேன். அவளுடைய பில்லில் கரண்ட்டுக்கான தொகை சொற்பம். தவணைதான் பெரிது.

"கரண்ட்டு காசை மட்டும் எடுத்துக்குங்க சார். தகடு காசை வேல கெடச்சதும் கட்டிடறோம்."

"கம்ப்யூட்டர் பாதியா வாங்காதும்மா. முழுசா கட்டு, இல்ல ஓரமா நில்லு."

அவள் ஓரமாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. நோட்டீஸ் கெடு முடிந்ததும் கம்பத்திலேயே அவர்கள் வீட்டுச் சர்வீஸ் ஒயரை வெட்டிவிட்டார்கள்.

செய்தி என் காதுக்கு வந்தபோது எனக்குப் பெரியவரின் ஞாபகம்தான் வந்தது. இன்வெர்ட்டர் ஒயரிங் முன் அறைக்கு மட்டும்தான். அவர் படுத்திருந்தது பின் அறையில். மேனேஜரிடமும் மின்சார ஆபீஸ் இன்ஜினியரிடமும் மாறி மாறிப் போய் நின்றேன். நோயாளி இருப்பதால் பாக்கியை அடுத்த பில்களில் பிரித்துப் போடலாம், உடனே ரீகனெக்‌ஷன் கொடுக்கலாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

கம்பம்

லைன்மேன் கலியபெருமாள் அண்ணன் என்னோடு வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். லைனில் வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியரை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஏணியைச் சாய்த்தார். தெரு முழுக்க கரண்ட் இல்லை.

தனபாக்கியம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடிப்போய் உள்ளே ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வூட்ல மெயினு எறக்கி வச்சிருக்கியாம்மா?" அண்ணன் கேட்டார்.

"கரண்டே இல்லியேங்க, எறக்கறதுக்கு இன்னா இருக்குது?"

அவள் குரல் சரியாக இல்லை. வீட்டுக்கு அதிகாரிகள் வந்தாலே இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணன் ஏறினார். நான் ரீடிங் எழுதிக்கொள்ள மீட்டர் பெட்டியருகே போனேன்.

மீட்டரில் எண்கள் தெரிந்தன. பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. ஒயரைக் கம்பத்தில் வெட்டியாகிவிட்டது. தெருவிலும் கரண்ட் கிடையாது. பிறகு எப்படி மீட்டர் எரிகிறது? கரண்ட் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போனால்தான் உண்டு. இன்வெர்ட்டர் கரண்ட் மீட்டர் வழியாகச் சர்வீஸ் ஒயரில் ஏறி, கம்பத்தின் உச்சிவரை போய் நிற்கிறது. அந்த ஒயரின் வெட்டிய முனையைப் பிடிக்கத்தான் அண்ணன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையுறை ஏணிக்குக் கீழே பையில் கிடந்தது.

கத்தினேன். "அண்ணே, தொடாதீங்க! மீட்டர் எரியுது! தொடாதீங்க!"

அவர் கை அப்படியே நின்றது. குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முனையில் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்கவும் முடியாமல் அங்கேயே நின்றார்.

நான் உள்ளே ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். சாத்தியிருந்த கதவைத் திறந்தேன். பின் அறையில் பெரியவருக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தை மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. முன் அறை இன்வெர்ட்டர் பாயின்ட்டிலிருந்து இந்த அறையின் சுவர் பாயின்ட்டுக்கு ஓர் ஒயர் ஓடியது. இரண்டு முனையிலும் பிளக். வேல்முருகன் செய்து வைத்தது. யாரோ சொன்னார்களாம், இப்படிச் சொருகினால் வீடு முழுக்க கரண்ட் வரும் என்று. மெயினை இறக்க வேண்டும் என்று அந்த யாரோ சொல்லவில்லை.

தனபாக்கியம் ஒயருக்குமுன் வந்து நின்றுகொண்டாள். "புடுங்காதீங்க மேடம். மாமா மெத்த எறங்கிப்பூடும்."

"அண்ணன் கேட்டாரே, ஏம்மா சொல்லலை?"

"திருட்டுக் கரண்ட்டுன்னு ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்துகினுதாங்க சொல்லல. அவுருகூட இல்லியே, வேல தேடிகினு போயிருக்கறாரு." அதற்குள் வாசலில் அண்ணன் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. நடக்க இருந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். அவர் யாரையும் திட்டவில்லை. குடித்துவிட்டு, "மெத்த ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "செரி" என்று எழுந்தார்.

"இன்னிக்கே ஏறணுமா அண்ணே? வேற ஆளை..."

"வேற ஆளு வந்தா மட்டும் அவனுக்கு உசுரு இல்லியா?" மெயினைத் தானே ஒருமுறை பார்த்தார். கையுறை போட்டுக்கொண்டார். மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். இணைப்பைக் கொடுத்துவிட்டு இறங்கினார். இன்வெர்ட்டரை அணைத்து அந்த ஒயரைப் பிடுங்கி, டிரான்ஸ்ஃபார்மரையும் ஆன் பண்ணிய பிறகுதான் மெயினை ஏற்றினோம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மெத்தை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு

திரும்பும் வழியில் அண்ணன் தன் பயத்தைச் சொன்னார். "மேல எழுதினா அந்தப் பையன் மேல கேஸு. எழுதாம வுட்டா, வேற எந்தத் தெருவுலயோ எவனோ சாவான்." நடந்ததையும் அதன் காரணத்தையும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்தோம். நடந்ததை அவர் எழுதினார். அது ஏன் நடந்தது, கவுண்டரில் அவள் என்ன கேட்டாள் என்பதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கான்ட்ராக்ட் போய்விடும் என்று மேனேஜர் எச்சரித்தார். போனால் போகிறது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம், வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம்தான் வருகிறதோ என்று எட்டிப் பார்த்தேன்.

இன்ஜினியர் வேல்முருகன்மேல் கேஸ் போடவில்லை. கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார். தவணைக்காகக் கம்பத்தில் வெட்டுவதை நிறுத்தினார். கரண்ட் தொகையைத் தனியாகக் கட்டலாம் என்றாயிற்று. எல்லா வீட்டிலும், இன்வெர்ட்டர் கரண்ட் லைனில் ஏறாமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வைத்தார். அதன்பின் வசூல் குறைந்தது உண்மை. அடுத்த வருஷம் திட்டத்தை விரிவாக்கவில்லை, என் கான்ட்ராக்ட்டையும் நீட்டிக்கவில்லை. வேல்முருகன் சிதம்பரம் பக்கம் வேலைக்குப் போய், இழுத்துப் பறித்துத் தவணையை முடித்தான் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு வேறு சோலார் கம்பெனிகளில் பல வருஷம் வேலை பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஒரு வீட்டின் இணைப்பை வெட்டச் சொல்லும் முன், அந்த வீட்டின் கடைசி அறைவரை போய்ப் பாருங்கள். பயந்துபோன வீடு உங்களிடம் உண்மையைச் சொல்லாது. அந்த உண்மை தெரியாமல் ஏணியில் ஏறப்போவது நீங்கள் அல்ல, இன்னொருவர்.