கன்று நக்கிய பெட்டரி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சோலார் விளக்கு வந்தபோது செய்தி எழுதியவன் நான். அமிலம் ஊற்றத் தேவையில்லாத புதுவகைப் பெட்டரி, சுற்றாடலுக்குத் தீங்கற்றது என்றார் விற்பனை முகவர். பழசானால் கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம். யார் வந்து எடுப்பது என்று கேட்டேன். சிரித்தார். அந்தக் கேள்வியைச் செய்தியிலிருந்து நானே வெட்டிவிட்டேன். பத்திரிகையில் இடம் போதவில்லை.

நாலைந்து வருடத்தில் பெட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. எடுத்துப்போக யாரும் வரவில்லை. பதுளைக்குக் கொண்டுபோகலாமென்றால் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். மாட்டுக் கொட்டிலோரம் குவிந்து கிடந்தன.

மண்சரிவு பற்றி எழுத மறுபடி அங்கே போனபோது, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கூப்பிட்டாள். அவளுடைய கன்று சுவரில் நெற்றியை அழுத்தியபடி நின்றது. கண் தெரியவில்லை. உடைந்த பெட்டரி ஒன்றை நக்கியிருக்கிறது.

“ஈயம் ஏறிருச்சாம். பொழைக்காதுன்னுட்டாரு மாட்டு டாக்டரு.”

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். “செத்த பெட்டரிக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாதுங்க. நீங்க எழுதுங்க, வெலைய ஏத்திருவான்.”

அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் மூன்று வயது மகள்.

“தாய் மாடும் நக்குச்சோ என்னமோ. நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டேன், யாரு பாத்தா? பால இவளுக்குக் குடுக்கலாமா சார்? அத டாக்டர்கிட்ட கேக்காம விட்டுட்டேன்.”

எனக்குத் தெரியாது என்றேன்.

பதுளையில் மிருக வைத்தியரைப் பார்த்தேன். மாட்டின் இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், அதுவரை பால் கொடுக்கக்கூடாது என்றார். அதைச் சீட்டில் எழுதி, பஸ் நடத்துநரிடம் கொடுத்து அவளுக்கு அனுப்பினேன். முகவரின் கடைக்கும் போனேன். அது பழைய மொடல், இப்போது வந்திருப்பது இன்னும் சுத்தமானது என்று வண்ண விளம்பரத்தாள் ஒன்றை நீட்டினார். பழையவற்றை எப்போது எடுப்பீர்கள் என்றேன். பாதை சரியில்லையே என்றார்.

சில வாரம் கழித்துப் போனபோது கன்று இல்லை. தாய் மாட்டின் இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அவள் மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள். கறக்காவிட்டால் மடி வீங்கிவிடும். நுரையோடு நிறைந்த வாளியைத் தூக்கிப்போய் வேலியோரக் குழியில் ஊற்றினாள். மகள் வாசலில் பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“முடிவு வந்துச்சா சார்?”

“இல்லம்மா, இன்னும் வரல.”

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாட்டுக்குப் புல் எடுத்துவரப் போனாள்.