கேக் வேண்டாம், டீசல் போதும்

கார் வந்து நின்றால் ரெபேக்காள் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார்; டிக்கியைத்தான் பார்ப்பார். "கேக்கா, பிரியாணியா?" என்பார். பதில் எதுவானாலும் உதட்டைப் பிதுக்குவார்.

படாளத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கை கால் வழங்காத பிள்ளைகளுக்காக ஒரு பகல் பள்ளி நடத்துகிறார். கட்டணம் கிடையாது. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய வேன். பயிற்சி கொடுக்க ஜோதிலட்சுமி என்ற பிசியோதெரபிஸ்ட். சுற்றுவட்டாரத்தில் பிறந்தநாள் வருகிற அத்தனை பேருக்கும் இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆசை.

"அண்ணாத்த, புள்ளைங்க வவுறு இன்னா குடோனா? சோறு போட ஊரே கீது. கரண்டு பில்லு கட்டத்தான் ஒருத்தனும் பொறக்கல," என்று என்னிடம் அலுத்துக்கொள்வார் ரெபேக்காள்.

அதற்கு அவரே ஒரு வழி செய்தார். மதுராந்தகம் நெல் மண்டிக்காரர் திருநாவுக்கரசு அறுபதாம் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்தபோது, அவரை வேனுக்கு முன்னால் நிறுத்தி, பம்பருக்கு மாலை போட வைத்து, பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். "இன்னிக்கு இந்த வண்டி உங்க டீசல்ல ஓடுது நைனா. ஒவ்வொரு புள்ளையும் வூடு போய்ச் சேர்றது உங்க புண்ணியம்." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி திருமண நாள் கொண்டாடியிருக்கிறார்கள். கக்கூஸ் தொட்டி சுத்தம் செய்யும் செலவுக்கு மட்டும் இன்னும் யாரும் போட்டோவுக்கு நிற்கவில்லை.

ஆனால் டீசல் சம்பளமாகாது. ஜோதிலட்சுமிக்குச் சில மாதங்களாகப் பாதிச் சம்பளம்தான். கல்பாக்கத்தில் ஒரு கிளினிக் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் போய்விட்டால், இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்த சிறுமி ஷாரோன் மறுபடியும் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த நேரத்தில் மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் நடத்தும் ஜெயக்குமார் வந்தார். டிக்கி காலி. அதனாலேயே அவருக்கு நாற்காலி கிடைத்தது. ஜோதியின் சம்பளம் முழுவதையும் தாமே தருவதாகச் சொன்னார். பதிலுக்கு, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகள் விருந்தினர்கள் முன்னால் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். "கெஸ்ட்டுங்க மனசு உருகிடும் மேடம்!"

இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஜோதியையும் ஷாரோனையும் அழைத்துக்கொண்டு போனார் ரெபேக்காள். மேடையை யாரும் பார்க்கவில்லை. ஷாரோன் நீச்சல் குளத்தைப் பார்த்து, "எறங்கலாமாக்கா?" என்றாள். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் தெரியாது, நடை சீக்கிரம் வரும் என்றாள் ஜோதி. ரெபேக்காளின் கண் குளத்தைச் சுற்றிக் கிடந்த சாய்வு நாற்காலிகள் மேல் இருந்தது. சென்னையிலிருந்து கார் ஓட்டி வந்த விருந்தினர்கள் அவற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்கள்.

"ஆட்டம் வேணாம் சார்," என்றார் ஜெயக்குமாரிடம். "உங்க கெஸ்ட்டுங்க முதுவப் பாருங்க, அல்லாம் வளைஞ்சி கீது. சனி ஞாயிறு எங்க ஜோதி வந்து வைத்தியம் பாப்பா. துட்டு பள்ளிக்கோடத்துக்கு. திங்கக்கெழம உங்க கொளம் சும்மாத்தான கெடக்குது? அது எங்க புள்ளைங்களுக்கு."

"அப்போ டான்ஸு?"

"மொதல்ல நடக்கட்டும் சார். ஆடுறது அப்பால அதுங்க இஷ்டம்."

ஜெயக்குமார் மறுக்கத்தான் எழுந்தார். எழுந்த வேகத்தில் கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. ஜோதி அவரைக் குப்புறப் படுக்கவைத்தாள். ஒப்பந்தம் அந்த நிலையிலேயே முடிவாயிற்று.

கல்பாக்கம் பேச்சு நின்றுபோனது. ஷாரோன் இப்போது தண்ணீருக்குள் சுவரில்லாமல் நடக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை நானும் அந்த ரிசார்ட்டுக்குப் போயிருந்தேன். விஷால் என்ற கணினித் துறை இளைஞர் முதுகு வைத்தியம் முடிந்து வெளியே வந்தார். ஜோதி உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள். "எவ்வளவுங்க?" என்று கேட்டார். ஐந்நூறு என்று ரெபேக்காள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். இளைஞர் செருப்பு மாட்டக் குனிந்து, "அம்மா!" என்று முனகினார்.

"ஐயோ பாவம், இன்னா வயசாவுது இந்தப் புள்ளைக்கு!" ரெபேக்காள் ஒரு விரலை மடக்கினார். இளைஞர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்ததும் இன்னொன்றையும் மடக்கினார்.

ஈரக் கையோடு பின்னால் வந்து நின்ற ஜோதிலட்சுமி, ரெபேக்காளின் கையைப் பற்றி, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள்.